சிலுவைக் குறி போட்ட சீஸ்

நவம்பர் 3

காலையில் திண்டுக்கல்லிலிருந்து ஜெனோவா போன் செய்தாள். ஆறாம் மாதம் பிறந்துவிட்டது. சோறு இறங்கவில்லையாம், மீன் என்றாலே குமட்டுகிறதாம். "அப்பா, நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஸ்கூல் ஸ்டோர்ல இருந்து காகிதத்துல சுத்திக் கொண்டு வருவீங்களே, அந்தச் சீஸ் ஓரத் துண்டு, அதுதாம்ப்பா வேணும் போல இருக்கு" என்றாள். கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு தடவை வயிற்றில் தங்கித் தங்காமல் போனது. இது மூன்றாவது. இவள் கேட்டு நான் இல்லை என்பேனா?

கடைத்தெருவுக்குப் போய் விலை கேட்டேன். கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். அந்தத் துண்டைத் தங்கத் தராசில்தான் நிறுத்திருக்க வேண்டும். பள்ளிக்கூட விடுதி ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். அந்தப் பள்ளியின் பண்ணையில் சீஸ் போடுவதை நாள் தவறாமல் பார்த்தவன். எனக்கென்ன, நானே போடுகிறேன்.

பால்தான் பெரிய செலவு. வில்பட்டி சாலையில் மாடு வைத்திருக்கும் செல்லமுத்துவிடம் விசாரித்தேன். பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். "சொசைட்டியில எடுக்க மாட்டேங்கறாங்க சார், கொழுப்பு பத்தலையாம்" என்றான். எனக்குப் போதும். மாடு நல்ல வெள்ளை, சாதுவாக நிற்கிறது. தொழுவத்தில் கன்றைக் காணோம். விற்றிருப்பான்.

நவம்பர் 6

முதல் சீஸ். எட்டு லிட்டர் பால்.

அச்சுக்கு நாலங்குலப் பிளம்பிங் பைப்பில் ஒரு துண்டு, சுற்றிலும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிப் போட்ட ஓட்டை. வடிகட்ட என் பழைய வேட்டி. அழுத்தி வைக்க ஆட்டுக்கல் குழவி. பாலை உறைய வைக்கும் ரென்னட் மாத்திரையைப் பிளேடால் எட்டாக நறுக்கினேன், எட்டில் ஒன்று போதும். உறைக்கு ஒரு கரண்டித் தயிர். அடுத்த முறை அதுவும் வேண்டாம், இன்று வடிந்த தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்து வைத்துவிட்டேன். மிச்சத் தண்ணீரில் என் வீட்டுக்காரி தெரசு சப்பாத்தி மாவு பிசைந்தாள். ஃபிரிட்ஜும் தேவையில்லை. கொடைக்கானல் குளிரில் நம் வடக்கு அறையே ஃபிரிட்ஜ்தான்.

பாலைக் காய்ச்சுவதில்தான் தகராறு. பண்ணையில் சீஸ் போடும் முன் பாலை நன்றாகச் சூடாக்கி ஆற்றுவார்கள். எட்டு லிட்டரைக் காய்ச்சி ஆற்றுவது என்றால் கேஸைக் கொளுத்தி ஜன்னல் வழியே விடுவதுதான். வெதுவெதுப்பு இருந்தால் போதும் என்றேன்.

"பச்சப் பால்ல செஞ்சு மாசமா இருக்கறவளுக்குக் குடுக்கறதா? ஏங்க, புத்தி கித்தி கெட்டுப் போச்சா?"

"ஸ்டோர்ல முப்பத்தொரு வருசம் இருந்தது நானா நீயா?" என்று சத்தம் போட்டேன். தெரசு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெயித்தேன். பூசைக்குப் போய் வந்துதான் உறை ஊற்றினேன்.

நவம்பர் 9

இரண்டாவது சீஸ். முறை படிந்துவிட்டது. ஆறரைக்குப் பாலைக் கொண்டு வந்து அடுப்படியில் வைத்துவிட்டு நான் பூசைக்குப் போகிறேன். எட்டு மணிக்குத் திரும்பும்போது பால் சரியான வெதுவெதுப்பில் இருக்கிறது. இட்லி அடுப்புச் சூட்டுப் பக்கத்தில் தெரசு நகர்த்தி வைத்திருப்பாள் போல. தீக்குச்சிச் செலவு கூட இல்லை.

தயிர்க்கட்டிதான் முதல் தடவை போலவே கொஞ்சம் கொழகொழவென்று இருக்கிறது. பாலில் சத்துக் குறைவு. ரென்னட்டை ஆறில் ஒன்றாக நறுக்க வேண்டும்.

நவம்பர் 12

மூன்றாவது. இதுவும் கொழகொழ. அச்சிலிருந்து எடுக்கும்போதே விரிந்துவிட்டது. ஜெனோவாவுக்கு இதை எப்படிக் கொடுப்பது? வெட்கக்கேடு.

நவம்பர் 14

தெரசு வத்தலக்குண்டு போயிருக்கிறாள். தங்கை வீட்டுப் புதுமனை. மூன்று நாள். பஸ் ஏறும்போது, "நான் வர்ற வரைக்கும் பால் வாங்காதீங்க. ஒண்டியா எதையாச்சும் கொட்டிக் கவுத்துருவீங்க" என்றாள். நான்கு முறை சொன்னாள். சரி சரி என்றேன்.

விரிந்துபோன மூன்றாவது சீஸைச் சப்பாத்திக்கு நடுவில் வைத்துத் தின்று தீர்த்தேன்.

நவம்பர் 15

பால் வாங்கினேன். பாதி விலைப் பாலை வேண்டாம் என்பவன் மனிதனா?

பூசைக்குப் போகாமல் நானே அடுப்பில் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடாத பதத்தில் இறக்கினேன். ஐந்து நிமிடம் கூட அடுப்பு எரியவில்லை. முக்கால் மணி நேரத்தில் உறைந்தது பாருங்கள்! கத்தியை வைத்தால் சுத்தமாகப் பிளக்கிறது, தெளிந்த தண்ணீர் ஊறி வருகிறது. கொழகொழப்பே இல்லை. தெரசு கை படாததால்தான் என்று அவள் வந்ததும் சொல்ல வேண்டும். அச்சை விட்டு எடுத்தபோது பண்ணைச் சீஸ் தோற்றது. ஓரத்தில் பிதுங்கியதை நறுக்கி வாயில் போட்டேன். ஆகா.

மேலே கத்தி முனையால் சின்னதாகச் சிலுவைக் குறி போட்டேன். இது ஜெனோவாவுக்கு. இதைவிட நல்லதாக என் கையால் நான் எதையும் செய்ததில்லை.

நவம்பர் 17

தெரசு வந்துவிட்டாள். வடக்கு அறையில் சிலுவைச் சீஸைப் பார்த்து, "இது எப்பப் போட்டது?" என்று கேட்டாள். பன்னிரண்டாம் தேதிச் சீஸ்தான், உப்பில் போட்டதும் இறுகிவிட்டது என்றேன். எதற்கு வீண் பேச்சு.

நவம்பர் 22

கேஸ் தீர்ந்துவிட்டது! நாற்பத்தைந்து நாள் வர வேண்டிய சிலிண்டர் நாற்பதே நாளில். பாலைக் காய்ச்சாமல் இவ்வளவு மிச்சம் பிடித்தும் இப்படி. ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், ஒரு குமிழியும் வரவில்லை. ஏஜென்சியில் எடை குறைத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. தெரசுவிடம் கத்தினேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

நவம்பர் 28

சாயங்காலம் ஆனால் குளிர் நடுக்கம், பிறகு வேர்வை. நாலு நாளாக இடுப்பும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பனிதான். குழவியைத் தூக்கியதும் சேர்ந்திருக்கும். சுக்குக் கஷாயம் குடித்தேன். காலையில் ஒன்றுமே இல்லை.

சிலுவைச் சீஸைத் தினமும் திருப்பி வைத்து உப்புத் தண்ணீரில் துடைக்கிறேன். தோல் மஞ்சள் கட்டி வருகிறது.

டிசம்பர் 2

திண்டுக்கல்லில் ஜெனோவாவுக்கு வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையல், கன்னம் நிறையச் சந்தனம், என் மகள் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மருமகன் பிரிட்டோ ஓடி ஓடிப் பந்தி கவனித்தார். ஏழு வகைச் சோறு இருந்தும் அவள் முதலில் தொட்டது என் சீஸைத்தான். அதே காகிதச் சுற்று. பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "அப்பா, அதே ருசிப்பா!" மூச்சு விடாமல் கால்வாசியைத் தின்றாள். பிரிட்டோவுக்குச் சீஸ் ஆகாது, ஆகவே மொத்தமும் அவளுக்குத்தான். என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். உள்ளே உதைத்தது. உதைத்ததே!

டிசம்பர் 5

பால் வாங்கப் போனேன். செல்லமுத்து தொழுவத்தில் மாட்டு டாக்டரம்மா முழங்கை வரை கையுறையோடு நின்றார். தரையில் சாக்கு போட்டு எதையோ மூடியிருந்தது.

"என்ன செல்லமுத்து?"

"ரெண்டாவதும் வீசிருச்சுங்க சார்."

"ரெண்டாவதா?"

"மொத மாடு புரட்டாசிக் கடைசியில கன்னு வீசுச்சுல்ல. ஏழு மாசக் கன்னு, செத்தே விழுந்துச்சு. பால் மட்டும் எறங்கிருச்சு. அதத்தான உங்களுக்கு ஊத்துறேன்."

தூக்குவாளியோடு அப்படியே நின்றேன். ஏழு மாதம் என்று அவன் சொன்னது காதுக்குள்ளேயே இருக்கிறது.

டாக்டரம்மா இரண்டு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். கன்று வீச்சு நோயாக இருக்கலாம் என்றார். பால் வாங்கவில்லை. வெறும் வாளியோடு வந்ததற்கு, மாட்டுக்கு உடம்பு சரியில்லையாம் என்று தெரசுவிடம் சொன்னேன்.

டிசம்பர் 6

கால்நடை ஆஸ்பத்திரிக்கு அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன் என்றேன். இந்த நோய் மனிதனுக்கு வருமா?

"வரும் சார். பச்சைப் பால் குடிச்சா வரும். பச்சைப் பால்ல செஞ்ச சீஸ் சாப்பிட்டாலும் வரும். சாயங்காலக் காய்ச்சல், வேர்வை, இடுப்பு வலி, இப்படித்தான் ஆரம்பிக்கும். கர்ப்பிணின்னா ரொம்பக் கவனம், கரு கலையறதுக்குக்கூட வாய்ப்பு இருக்கு. உங்க தெரிஞ்சவர் வீட்டுல கர்ப்பிணி யாராச்சும் இருக்காங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன்."

"பாலைக் காய்ச்சித்தான் செஞ்சாங்கன்னா பயமே இல்ல, சொல்லுங்க."

வெளியே வந்து ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பதினொரு மணி வெயிலுக்கு அப்படி வேர்க்காது.

டிசம்பர் 7

ஜெனோவா போன் செய்தாள். தெரசுதான் எடுத்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

டிசம்பர் 8

மாதாவே, தின்றவன் நான். எனக்கு வரட்டும். எனக்கு மட்டும் வரட்டும்.

டிசம்பர் 9

தாங்க முடியவில்லை. காபி கொண்டுவந்த தெரசுவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். மாடு, கன்று, டாக்டரம்மா, எல்லாம். பச்சைப் பால் சீஸைப் பிள்ளைக்குத் தின்னக் கொடுத்துவிட்டேனே என்று அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் நான் அழுததில்லை.

தெரசு டம்ளரைக் கீழே வைத்தாள். "பச்சப் பாலா? யாரு சொன்னது? நீங்க பூசைக்குப் போனதும் அத்தனை தடவையும் நான் காய்ச்சினேன். நொர கட்டற வரைக்கும் காய்ச்சி, பாத்திரத்தப் பச்சத் தண்ணியில எறக்கி ஆற வச்சு, நீங்க வர்றதுக்குள்ள துடச்சு வச்சுருவேன். உங்ககிட்ட யாரு மல்லுக்கு நிக்கறது?"

கேஸ்! அந்தக் கேஸ்! ஏஜென்சிக்காரனைத் திட்டினேனே! எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். சிரித்தேன், அழுதேன். இவள் தெய்வம். இனி எத்தனை சிலிண்டர் தீர்ந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கொழகொழவென்று இருந்ததும் அதனால்தான், காய்ச்சிய பால் அவ்வளவு கெட்டியாக உறையாது, பண்ணையில்கூடச் சொல்வார்கள். முதல் சீஸ் கொழகொழ, இரண்டாவது கொழகொழ, மூன்றாவது கொழகொழ, நாலாவது…

பின்னால் புரட்டினேன். நவம்பர் 15.

டிசம்பர் 9, சாயங்காலம்

தெரசு பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கிறது. நாலைந்து நாளில் இன்றைக்குத்தான் அவர் முகத்தில் களை வந்திருக்கிறது என்று என்னைப் பற்றிச் சொல்கிறாள்.

இப்போது எப்படிச் சொல்வேன்? பால் வாங்காதே என்றாள், வாங்கினேன். எப்போது போட்டது என்றாள், பொய் சொன்னேன். எட்டணா பெறாத பொய். ஒன்றும் ஆகாமலும் போகலாம். மாட்டு ரத்தப் பரிசோதனை முடிவே இன்னும் வரவில்லை. கொஞ்சம்தானே தின்றாள், கால்வாசி.

நடுக்கம் வந்துவிட்டது.

டிசம்பர் 10

தெரசு பூசைக்குப் போனதும் நானே போன் போட்டேன். சுற்றி வளைத்தேன். "அந்தச் சீஸ் மிச்சம் இருக்காம்மா?"

"கொஞ்சூண்டுதாம்ப்பா இருக்கு. தினமும் நறுக்கி நறுக்கித் தின்னுட்டே இருக்கேன்."

"அதத் தூக்கிப் போட்டுரும்மா. பூஞ்சை பிடிச்சிருக்கும்."

சிரித்தாள். "பூஞ்சை இருந்தா அத மட்டும் வெட்டிட்டு மிச்சத்தத் தின்னலாம்னு நீங்கதானப்பா சொல்லிக் குடுத்தீங்க? எதையும் வீணாக்கக் கூடாதுன்னு?"

சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அது ஒன்றுதான்.

"ஜெனோவா, அத வாயில வைக்காத. நான் சொல்றதக் கேளு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்தாம் தேதியையும் சொன்னேன். அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அவள் கை வயிற்றுக்குப் போயிருக்கும். பிறகு, "இது எப்பப்பா உங்களுக்குத் தெரியும்?" என்றாள்.

"அஞ்சாம் தேதி."

"இன்னிக்குப் பத்து" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

தெரசு பூசை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் வைத்துச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "பஸ்சுக்குக் கெளம்புங்க" என்றாள்.

டிசம்பர் 11

திண்டுக்கல், ஆஸ்பத்திரி. ஜெனோவா, பிரிட்டோ, தெரசு, நான். பிரசவ டாக்டரம்மா தேதிகளைக் கேட்டார். எந்தப் பால், எந்த நாள், எவ்வளவு சூடு, யார் தின்றது. எனக்கு வாய் குழறியது. "டைரில எல்லாத்தையும் எழுதியிருக்கார் டாக்டர்" என்றாள் தெரசு. இதை அவள் படித்ததில்லை, எழுதுவதை மட்டும் பார்த்திருக்கிறாள். பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

"வாசிங்க" என்றார் டாக்டரம்மா.

வாசித்தேன். கேஸ் மிச்சம் என்றதையும் வாசித்தேன், ஜெயித்தேன் என்றதையும் வாசித்தேன். தெரசு கை படாததால்தான் என்ற இடத்தில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டாள். 'இது ஜெனோவாவுக்கு' என்ற வரி வந்தபோது நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா நோட்டை வாங்கி மிச்சத்தைத் தானே படித்துக்கொண்டார். ஜெனோவா ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று அவளுக்கு இன்றே மாத்திரை கொடுத்தார்கள். தினமும் பிள்ளை அசைகிறதா என்று கவனிக்க வேண்டும், அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள்.

படியில் இறங்கும்போது நான் கை நீட்டினேன். அவள் பிரிட்டோ கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 15

எனக்கு இருக்கிறது. அந்த நோயேதான். செல்லமுத்துவின் இரண்டு மாட்டுக்கும் இருப்பதாக நேற்றுச் சொன்னார்கள்.

ஜெனோவாவுக்கு இப்போதைக்கு இல்லையாம். இப்போதைக்கு என்ற சொல்லை டாக்டரம்மா இரண்டு முறை சொன்னாராம். தின்று சில வாரம் கழித்தும் தெரியலாமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

டிசம்பர் 16

காலை ஏழு மணிக்கு ஜெனோவாவிடமிருந்து போன். தெரசு எடுத்தாள். வைத்துவிட்டு, "அசையுதாம்" என்றாள்.

டிசம்பர் 17

அசைகிறதாம்.

டிசம்பர் 21

இன்று ஏழே காலாகியும் போன் வரவில்லை. ஏழரை. நான் ரிசீவர் பக்கத்தில் நின்றேன், எடுத்துச் சுற்றத் தைரியம் இல்லை. தெரசு ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள், ஒரு மணி கூட நகரவில்லை. எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. தூங்கிவிட்டாளாம். அசைகிறதாம்.

நான் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன். காய்ச்சலுக்கு நான் தின்னும் மாத்திரையால் என்று தெரசு நினைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 25

குடில் வைக்கவில்லை. பாலன் பிறப்புப் பூசையில் எல்லாரும் குழந்தை சுரூபத்தை முத்தம் செய்யப் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அசைகிறதாம்.

டிசம்பர் 28

இரண்டாம் பரிசோதனை. இல்லை. என்னைப் பற்றி அவளாக ஒன்றும் கேட்கவில்லையா என்று தெரசுவிடம் கேட்டேன். "எதக் கேக்கச் சொல்றீங்க?" என்றாள்.

ஜனவரி 4

பைப்பு அச்சு, வேட்டித் துணி, உறைத் தண்ணீர்ப் பாட்டில், மீதி ரென்னட் மாத்திரை எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். முதல் இரண்டு சீஸையும் சேர்த்துத்தான். அவை காய்ச்சிய பால், நல்லவை, தின்னலாம். வீணாகட்டும்.

ஜனவரி 11

மூன்றாம் பரிசோதனை. இல்லை. இன்னும் ஒன்று பாக்கி. எனக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது. எனக்கு நின்றது எதற்கு ஆகும்? கண்ணை மூடினால் செல்லமுத்து தொழுவத்துச் சாக்குதான் தெரிகிறது.

ஜனவரி 26

நேற்று நான்காவது ரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்று விடிந்ததும் தெரியுமாம்.

தெரசு நான்கு மணிக்கே எழுந்து தயாராகி, முழங்காலில் நின்று கேட்கப் போகிறேன் என்று கோயிலுக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். வரவில்லை. பாலை அடுப்பில் வைத்திருந்தேன். இப்போது நானே வைக்கிறேன்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஒரு முறை, இரண்டு முறை. நான் எடுத்தால் அவள் வைத்துவிடுவாள். எடுக்காவிட்டால் எனக்கு இங்கேயே உயிர் போய்விடும். எடுத்தேன்.

"அம்மா இல்லையா?"

நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு அந்தக் குரல்.

"கோயிலுக்குப் போயிருக்காம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். என் பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிவது காதில் விழுந்தது. நகரவில்லை.

"அது என்ன சத்தம்?"

"பால் பொங்குதும்மா."

"அணைக்கலயா?"

"நீ சொல்லு மொதல்ல."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். "ரிசல்ட் வந்துருச்சு. இல்லையாம். இனிமே எடுக்க வேண்டாமாம்." பிறகு, "அசையுதுப்பா" என்றாள்.

அப்பா என்று அவள் சொன்னதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கவில்லை. தெரசு வந்து பார்த்தபோது அடுப்பு முழுக்கப் பால் கருகியிருந்தது, நான் கேஸை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.